குறை மறைக்காத புகழ்ச்சி

தாயைப் புகழ்ந்து பாடுவது எளிது. எல்லா மொழிகளிலும் அதற்கென ஆயத்தமான சொற்கள் இருக்கின்றன. தியாகம், கருணை, கண்ணீர் என அவற்றை அடுக்கிவிட்டால் பாடல் ஒன்று உருவாகிவிடும். கேட்போரும் கண் கலங்குவர். ஆனால், தாயின் குறையையும் அப்பாடலுக்குள்ளேயே சொல்லி, சொன்ன பின்னும் புகழ்ச்சி ஒரு சிறிதும் தாழாமல் பாடுவது அரிது. அவ்வரிய செயலைச் செய்த பாடல்களுள் ஒன்று, அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷக்கூர் 1995இல் வெளியிட்ட ‘டியர் மாமா’. அப்பாடலை அளவுகோலாகக் கொண்டு, அவருடைய வாழ்வையும் இசையையும் மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இம்மதிப்பீடு தேவைதானா என்று நம் வாசகர்களுள் சிலர் வினவக்கூடும். வசைச்சொல், வன்முறை, பெண்ணை இழிவுபடுத்தல் ஆகியவற்றோடு சேர்த்தே ராப் இசையின் பெயர் நம் செவிக்கு எட்டியிருக்கிறது. டூபாக்கின் பாடல்களில் அவை இல்லை என்று நாம் வாதிட வரவில்லை, நிறையவே உள்ளன. பாலியல் குற்றத்துக்காகச் சிறை சென்றவர் அவர். 25 வயதில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானவர். ஆயினும், இளைஞர் விரும்பிக் கேட்கும் ஓர் இசையைக் கேளாமலே தீர்ப்பிடுவது நேர்மையாகாது. கேட்டுவிட்டு அனைத்தையும் கண்மூடி ஏற்பது திறனாய்வும் ஆகாது. இவ்விரண்டுக்கும் இடையே ஒரு வழி உண்டு. அதில் நடந்து பார்ப்போம்.

சிறைச்சுவருக்குள் கருவான வாழ்வு

ராப் என்பது தாளத்துக்கு இயைய விரைந்து சொல்லப்படும் செய்யுள். மெட்டைக் காட்டிலும் சொல்லுக்கே அதில் முதலிடம். 1970களில் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், வறுமையில் வாழ்ந்த கறுப்பின, கரீபிய, லத்தீன் அமெரிக்க இளைஞரிடையே தோன்றிய ஹிப் ஹாப் பண்பாட்டின் ஒரு கூறு அது. அடிதோறும் இறுதியில் வரும் இயைபு அதன் உயிர்நாடி. பழைய இசைத்தட்டு ஒன்றிலிருந்து சிறு பகுதியை எடுத்துத் திரும்பத் திரும்ப ஒலிக்கச் செய்து, அதன்மேல் புதிய சொற்களை ஏற்றுவது அதன் வழக்கம். இசைக்கருவி வாங்க வசதியற்றவர்களிடம் இக்கலை இத்துணை வேகமாகப் பரவியதில் வியப்பில்லை.

இக்கலை அரும்பத் தொடங்கிய காலத்தில், அதே நியூயார்க் நகரில், 1971 ஜூன் 16 அன்று டூபாக் பிறந்தார். அவருடைய தாய் அஃபேனி ஷக்கூர், கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைக் கட்சியின் உறுப்பினர். காவல் நிலையங்களையும் கடைகளையும் வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்ததாக 1969இல் அக்கட்சியினர் 21 பேர்மீது வழக்குத் தொடரப்பட்டது. அவர்களுள் அஃபேனியும் ஒருவர். சட்டம் பயிலாத அப்பெண், வழக்கறிஞரை நாடாமல், நீதிமன்றத்தில் தம் வழக்கைத் தாமே நடத்தினார். அவ்வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே கருவுற்றார். கருவைச் சுமந்தபடியே சிறையிலும் இருந்தார். 1971 மே மாதத்தில் அனைவரும் எல்லாக் குற்றச்சாட்டுகளினின்றும் விடுவிக்கப்பட்டனர். அடுத்த மாதம் மகன் பிறந்தான்.

அம்மகனுக்கு அத்தாய் தேர்ந்த பெயரும் கருதத்தக்கது. பெரு நாட்டில் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராக மக்களைத் திரட்டிப் போராடி 1781இல் கொல்லப்பட்ட இரண்டாம் டூபாக் அமாருவின் பெயர் அது. தோல்வியுற்ற ஒரு புரட்சியின் நினைவைத் தன் பெயராகச் சுமந்துகொண்டு வளர்ந்தான் அச்சிறுவன். தந்தையின் துணை இல்லை. மாற்றுத்தந்தையான முட்டுலு ஷக்கூர், 1981இல் நடந்த ஒரு கொள்ளை வழக்கில் தேடப்பட்டு, ஆண்டுக்கணக்கில் தலைமறைவாக இருந்து, 1986இல் கைதானார். குடும்பமோ வாடகைக்கு வழியின்றி வீடு விட்டு வீடு மாறியது.

ஆனாலும் அச்சிறுவனுக்குக் கலையின் கதவு திறந்தே இருந்தது. ஹார்லெமின் அப்பல்லோ அரங்கில், லொரைன் ஹான்ஸ்பெரி எழுதிய ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகத்தில் நடித்தான். பின்னர் பால்டிமோர் நகரின் கலைப்பள்ளியில் நடிப்பும் கவிதையும் நடனமும் பயின்றான். 1988இல் குடும்பம் கலிபோர்னியாவின் மரின் சிட்டிக்குக் குடிபெயர்ந்தபோது அப்படிப்பு நின்றது. அந்நாள்களில்தான் அஃபேனி ‘கிராக்’ என்னும் கொடிய போதைப்பொருளுக்கு அடிமையானார். நீதிமன்றத்தில் தனித்து நின்று வென்ற பெண், தன் வீட்டில் தன்னையே இழந்தார். அதைப் பதின்பருவத்து மகன் அருகிலிருந்து பார்த்தான்.

நாளிதழ்ச் செய்தியிலிருந்து பாடல்

‘டிஜிட்டல் அண்டர்கிரவுண்ட்’ என்னும் குழுவில் சுமை தூக்குபவராகவும் நடனமாடுபவராகவும் சேர்ந்த டூபாக், 1991இல் அக்குழுவின் பாடலொன்றில் முதன்முதலாகக் குரல் கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் அவருடைய முதல் இசைத்தொகுப்பு ‘டூபாக்கலிப்ஸ் நவ்’ வெளிவந்தது. அதில் ‘பிரெண்டாஸ் காட் எ பேபி’ என்னும் பாடல் குறிப்பிடத்தக்கது. உறவினனால் கருவுற்ற 12 வயதுச் சிறுமி, பெற்ற குழந்தையைக் குப்பையில் எறிந்ததாக நாளிதழில் வந்த செய்தியே அதன் கரு. பாடலில் அச்சிறுமியைப் பழிக்கும் சொல் ஒன்றும் இல்லை. அவளைக் கைவிட்ட தந்தை, பொருட்படுத்தாத குடும்பம், ஒதுங்கிக்கொண்ட சுற்றம் என்று ஒவ்வொருவரையும் சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டு, அவளுடைய முடிவையும் நமக்குச் சொல்லிப் பாடகர் நிறுத்திக்கொள்கிறார்.

அத்தொகுப்பில் காவல்துறைக்கு எதிரான சினம் கொதிக்கும் பாடல்களும் இருந்தன. டெக்சாஸில் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்ற இளைஞனின் தரப்பினர், அவன் இத்தொகுப்பைக் கேட்டுத் தூண்டப்பட்டான் என்று வாதிட்டனர். அதையொட்டி 1992இல் அன்றைய அமெரிக்கத் துணைக் குடியரசுத் தலைவர் டான் குவேல், இத்தகைய இசைத்தட்டுக்குச் சமுதாயத்தில் இடமில்லை என்று கண்டித்தார். குவேலின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நாம் கூறமாட்டோம். ஆனால், சினப்பாடல்கள் இருந்த அதே தட்டில்தான் பிரெண்டாவின் கதையும் இருந்தது. தட்டு முழுவதையும் கேட்டவர்களுக்கு அதை ஒரே சொல்லால் ஒதுக்கிவிட இயலாது.

1993இல் வந்த இரண்டாம் தொகுப்பில் ‘கீப் யா ஹெட் அப்’ என்னும் பாடல் இடம்பெற்றது. ஆடவரால் கைவிடப்பட்டு, வறுமையில் பிள்ளை வளர்க்கும் கறுப்பினப் பெண்களை நோக்கித் தலைநிமிர்ந்திருக்கச் சொல்லும் பாடல் அது. பெண்ணிடமிருந்து உயிர்பெற்ற ஆண், பெண்ணுக்குத் தீங்கிழைப்பது ஏன் என்ற கேள்வியை அது தன் இனத்து இளைஞர்முன் வைக்கிறது. 1991இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் ஒரு புட்டிப் பழச்சாற்றை முன்னிட்டு எழுந்த பூசலில் கடையில் சுட்டுக் கொல்லப்பட்ட 15 வயதுச் சிறுமி லட்டாஷா ஹார்லின்ஸின் நினைவுக்கு அப்பாடலின் படக்காட்சி காணிக்கையாக்கப்பட்டது.

உண்மையும் அன்பும் ஒரே அடியில்

‘டியர் மாமா’ வெளிவந்தபோது டூபாக்கின் வயது 23. ஜாஸ் பியானோ கலைஞர் ஜோ சாம்பிளின் 1978ஆம் ஆண்டு இசைக்கோவை ஒன்றிலிருந்து எடுக்கப்பட்ட மென்மையான ஒலியே அதன் அடித்தளம். ‘த ஸ்பின்னர்ஸ்’ குழுவினர் 1974இல் பாடிய ‘சேடி’ என்ற பாடலும் அதன் பல்லவியில் கலந்து வருகிறது. ‘சேடி’யும் ஒரு தாயைப் போற்றும் பாடலே. முந்தைய தலைமுறையின் தாய்ப்பாடலின்மேல் தம் தாய்ப்பாடலை அவர் கட்டினார்.

புகழ்ச்சிப் பாடல் என்று எதிர்பார்த்துக் கேட்பவரை அதன் தொடக்கமே தடுத்து நிறுத்துகிறது. தாய்க்கும் மகனுக்கும் இடையிலான சண்டையும், 17 வயதில் மகன் வீட்டைவிட்டு வெளியேற நேர்ந்ததும் முதலில் சொல்லப்படுகின்றன. பின்னர்த் தாய் போதைக்கு அடிமையாய் இருந்த செய்தி மூடிமறைக்காமல் சொல்லப்படுகிறது. அதைச் சொன்ன அதே மூச்சில் அவர் தாயை அரசி என்று அழைக்கிறார். ‘ஆனாலும்’ என்ற ஈட்டுச்சொல்லுக்குப்பின் வரும் மன்னிப்பின் தொனி அங்கே இல்லை. அடிமைப்பட்டவரும் அரசியும் ஒருவரே என்பது, விளக்கம் தேவைப்படாத உண்மைபோலச் சொல்லப்படுகிறது.

இப்பாடலின் வலிமை அதன் சிறு விவரங்களில் இருக்கிறது. கையில் ஒன்றுமில்லாத நாளிலும் நன்றிநாள் விருந்தை ஆக்கிப் போட்ட தாயின் அடுப்படி அதில் வருகிறது. அரசு உதவித்தொகையை நம்பிப் பிள்ளைகளை வளர்த்த இக்கட்டு வருகிறது. தந்தை இறந்தபோது, அவர் தமக்கு அந்நியராகவே இருந்ததால், அழுகை வரவில்லை என்று மகன் சொல்கிறார். தாம் தெருவில் போதைப்பொருள் விற்றதையும், அப்பணத்தைத் தாய்க்கு அனுப்பியதையும், சிறைக்குள்ளிருந்து தாயைத் தழுவியதையும் அவர் மறைக்கவில்லை. தாயின் குறை, தந்தையின் குறை, தன் இளமைக் குறை ஆகிய மூன்றும் ஒரே வெளிச்சத்தில் வைக்கப்படுகின்றன. அவ்வெளிச்சத்தில் தாய் ஒருவரே உயர்ந்து நிற்கிறார். ஏனெனில், வீழ்ந்தபோதும் பிள்ளைகளை விட்டு விலகாதவர் அவர் ஒருவரே.

பாடல் பிறந்த காலத்துக்குள் அஃபேனி போதையிலிருந்து மீண்டுவிட்டார். மீண்டவரிடம் பழைய நாள்களைப் பற்றிப் பேசாதிருப்பதுதான் நாகரிகம் என்று நாம் எண்ணுவோம். மகனோ அதைப் பாடலாக்கி உலகறியச் செய்தார். அதை அவமதிப்பாக யாரும் கருதாமற்போனதற்குக் காரணம், உண்மையைச் சொல்வதில் அவர் தமக்கெனச் சலுகை எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம், காத்துவைக்கத்தக்க ஒலிப்பதிவுகளின் தேசியப் பதிவேட்டில் 2010இல் இப்பாடலைச் சேர்த்தது.

பாடப்படாத பாடல்

இங்கேதான் நம் கேள்வி எழுகிறது. பெண்களைத் தலைநிமிரச் சொன்ன பாடல் வெளிவந்த அதே 1993ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், நியூயார்க் விடுதி ஒன்றில் டூபாக்கும் அவருடைய கூட்டாளிகளும் தம்மைப் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதாக ஒரு பெண் முறையிட்டார். வழக்கின் தீர்ப்பு வரவிருந்த வேளையில், 1994 நவம்பர் 30 அன்று ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றின் முகப்பில் டூபாக் சுடப்பட்டு ஐந்து இடங்களில் காயமுற்றார். மறுநாள் கட்டுகளோடு சக்கர நாற்காலியில் நீதிமன்றம் வந்தார். கடுமையான பிற குற்றச்சாட்டுகளிலிருந்து விடுவித்த நடுவர் குழு, பாலியல் அத்துமீறல் குற்றத்தை உறுதிசெய்தது. 1995 பிப்ரவரியில் ஒன்றரை முதல் நாலரை ஆண்டுவரை சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அடுத்த மாதம் ‘மீ அகெய்ன்ஸ்ட் த வேர்ல்ட்’ என்னும் தொகுப்பு வெளிவந்து, அவர் சிறையில் இருக்கும்போதே பில்போர்ட் பட்டியலில் முதலிடம் பெற்றது. ‘டியர் மாமா’ அத்தொகுப்பில் உள்ள பாடலே.

இம்முரணை எதிர்கொள்ள இரண்டு எளிய வழிகள் உண்டு. ‘கலைஞன் வேறு, கலை வேறு, பாடலை மட்டும் கேட்போம்’ என்பது ஒன்று. ‘குற்றவாளியின் தாய்ப்பாசம் வெறும் வேடம், பாடலையும் எறிந்துவிடுவோம்’ என்பது மற்றொன்று. முதல் வழி, பாதிக்கப்பட்ட பெண்ணை நம் கண்ணிலிருந்து அகற்றிவிடுகிறது. இரண்டாம் வழி, தாயின் உண்மையை அத்துணை நேர்மையோடு சொன்ன ஒரு குரலைப் பொய் என்கிறது. நமக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. அப்பாடலே நம் கையில் ஓர் அளவுகோலைத் தருகிறது. அன்பு உள்ள இடத்தில் குற்றத்தின் பெயரைச் சொல்லலாம் என்பதே அது. அதை அவர்மீதே வைத்துப் பார்ப்பதுதான் நியாயம்.

டூபாக் தம்மீதான குற்றத்தை இறுதிவரை மறுத்தார். எனினும், சிறையிலிருந்து ‘வைப்’ இதழுக்கு அளித்த நேர்காணலில், சட்டம் சுமத்திய குற்றத்தைத் தாம் செய்யவில்லை என்று சொல்லும்போதே, தம் நடத்தையைப் பொறுத்தவரை தாம் மாசற்றவர் அல்லர் என்றும் ஒத்துக்கொண்டார். அது ஓர் அடி. அடுத்த அடி பாடலில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. பிரெண்டாவுக்காகப் பாடினார், லட்டாஷாவை நினைவுகூர்ந்தார், தாயைப் பாடினார். தம்மால் துன்புற்றதாக நீதிமன்றம் கண்ட பெண்ணின் பக்கம் நின்று பாடும் ஒரு பாடலை அவர் நமக்கு விட்டுச் செல்லவில்லை. பிறர் செய்த தீங்குக்குத் துல்லியமான சொற்களைக் கண்டறிந்த அப்புலமை, தன் தீங்கின் வாசலில் வந்து நின்றுவிட்டது.

1995 அக்டோபரில், ‘டெத் ரோ’ நிறுவனம் 14 லட்சம் டாலர் பிணைத்தொகைக்கு ஏற்பாடு செய்ய, மேல்முறையீடு நிலுவையில் இருக்கும்போதே அவர் வெளியே வந்தார். 1996 பிப்ரவரியில் 27 பாடல்கள் கொண்ட இரட்டைத் தொகுப்பு ‘ஆல் ஐஸ் ஆன் மீ’ வெளிவந்தது. விற்பனையில் பெருவெற்றி. ஒலி துலங்குகிறது, குரலில் மிடுக்கு ஏறியிருக்கிறது. ஆனால், பெண்கள் அதில் பெரும்பாலும் பண்டங்களே. மதம் மாறித் திருந்திய பழைய நண்பனைக் கோபமின்றி வாழ்த்தும் ‘ஐ எய்ன்ட் மேட் அட் சா’ போன்ற ஓரிரு பாடல்களில்தான் பழைய டூபாக் தென்படுகிறார். அதே ஆண்டில் வந்த ‘ஹிட் எம் அப்’, நியூயார்க்கின் போட்டிப் பாடகர் நொட்டோரியஸ் பி.ஐ.ஜி.யைத் தாக்க அவருடைய மனைவியின் மானத்தைக் கருவியாக்குகிறது. ‘கீப் யா ஹெட் அப்’ பாடிய வாய்தானா இது என்று மனம் கலங்குகிறது.

1996 செப்டம்பர் 7 இரவு, லாஸ் வேகஸில் மைக் டைசனின் குத்துச்சண்டையைப் பார்த்துவிட்டு வந்த டூபாக், அரங்கின் கூடத்தில் ஓர் இளைஞனைத் தாக்குவதில் பங்கேற்றார். சில மணி நேரத்தில் காரில் செல்லும்போது சுடப்பட்டார். செப்டம்பர் 13 அன்று இறந்தார். ஆறு மாதத்துக்குள், 1997 மார்ச்சில், பி.ஐ.ஜி.யும் லாஸ் ஏஞ்சலிஸில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மூன்று சிலுவைகள்

இறந்து இரு மாதங்கள் கழித்து, ‘மகவெலி’ என்னும் புனைபெயரில் அவருடைய இறுதித் தொகுப்பு வெளிவந்தது. அதன் அட்டையில் டூபாக் சிலுவையில் அறையுண்டவராக வரையப்பட்டிருக்கிறார். இயேசுவை அவமதிக்கும் எண்ணம் தமக்கில்லை என்ற குறிப்பும் அதில் உண்டு. அதை நாம் நம்புகிறோம். பத்திரிகைகளாலும் நீதிமன்றங்களாலும் தாம் அறையப்பட்டதாக அவர் உணர்ந்திருக்கலாம். அத்தொகுப்பில் ‘ஹெயில் மேரி’ என்றொரு பாடலும் உண்டு. நாம் செபமாலையில் நாள்தோறும் சொல்லும் ‘அருள் நிறைந்த மரியே’ செபத்தின் ஆங்கிலத் தொடக்கமே அத்தலைப்பு. மீண்டும் ஒரு தாயை அழைக்கிறாரே என்று ஆவலோடு கேட்டால், மணியோசைக்கு நடுவே பழிவாங்கும் மிரட்டலும் மரணத்தின் நிழலும் கலந்த குரலே பெரிதும் கேட்கிறது. ‘டியர் மாமா’வில் தாயின்முன் உண்மை பேசிய மகன், இங்கே தாயின் பெயரைச் சொல்லிவிட்டு வாளை உருவுகிறார்.

கல்வாரியில் நட்டவை மூன்று சிலுவைகள். நடுவிலிருந்தவர் குற்றமற்றவர். ஒருபுறத்தில் இருந்தவன் இறுதிவரை ஏளனம் பேசினான். மறுபுறத்தில் இருந்தவனோ, தனக்குக் கிடைத்த தண்டனை தகுதியானதே என்று ஒப்புக்கொண்டு, அதற்குப் பிறகே தன்னை நினைவுகூரும்படி வேண்டினான். அந்த நல்ல கள்வனைத் திருஅவை மரபு புனித டிஸ்மாஸ் என்று அழைக்கிறது. டூபாக் 1995இல் அடைக்கப்பட்டிருந்தது, நியூயார்க் மாநிலத்தின் வடகோடியில் டானமோரா என்னும் ஊரில் உள்ள கிளின்டன் சிறை. அச்சிறைச் சுவருக்குள்ளே ஒரு கத்தோலிக்க ஆலயம் இருக்கிறது. 1941இல் முடிக்கப்பட்ட அதைக் கட்டியவர்கள் அங்கிருந்த கைதிகளே. தங்கள் ஆலயத்துக்கு அவர்கள் பெற்ற பெயர் ‘நல்ல கள்வன் புனித டிஸ்மாஸ்’.

நமக்கு இச்செய்தி எளிதில் கடந்துபோகக் கூடியதாக இல்லை. குற்றம் புரிந்த கைகள், தம்மைப் போன்ற ஒரு குற்றவாளியின் பெயரால் கல்மேல் கல் வைத்து எழுப்பிய ஆலயம் அது. அதைச் சூழ்ந்த சுவருக்குள் சில மாதங்கள் வாழ்ந்த கவிஞர், வெளியே வந்து தமக்கெனத் தேர்ந்தது நடுச்சிலுவையை. அவருக்குப் பொருந்தியிருக்கக்கூடியது பக்கத்துச் சிலுவை. அதில் ஏறியிருந்தால் அவருடைய பாடல் சிறுத்திருக்காது. ‘டியர் மாமா’வில் தாயை எந்த உண்மையால் அரசியாக்கினாரோ, அதே உண்மை அவரையும் உயர்த்தியிருக்கும்.

அவருக்குக் காலம் கிடைக்கவில்லை என்று சொல்வோர் உளர். அதில் நியாயமுண்டு. 25 வயது என்பது, நம்முள் பலர் தம் பிழையைப் பிழையென்று அறியாத வயது. பதின்பருவ முடிவில் அவர் எழுதி வைத்திருந்த கவிதைகள் 1999இல் நூலாக வந்தபோது, மென்மையும் தனிமையும் நிறைந்த ஓர் இளங்கவியை உலகம் அதில் கண்டது. 2009 டிசம்பரில் வத்திக்கானின் பெயரில் மைஸ்பேஸ் இணையதளத்தில் வெளியான பாடல் பட்டியலில் அவருடைய ‘சேஞ்சஸ்’ இடம்பெற்றது. 2017இல் ராக் அண்ட் ரோல் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. மகனின் பாடல்களைக் காத்துப் பரப்பிய அஃபேனி 2016இல் காலமானார். மகனின் கொலை வழக்கில் முதன்முறையாக ஒருவர் கைதானது 2023 செப்டம்பரில்தான். அவர் குற்றத்தை மறுத்துள்ளார். 27 ஆண்டுகள் கழித்து எழுந்த அச்செய்தியை மகனை இழந்த தாய் கேட்க இல்லை.

டூபாக்கின் பாடல்களை நம் இளைஞர் கேட்கிறார்கள், இனியும் கேட்பார்கள். கேட்க வேண்டாம் என்று தடுப்பதைவிட, ‘டியர் மாமா’வை அவர்களோடு அமர்ந்து ஒருமுறை கேட்பதே பயனுள்ளது என்பது நம் கருத்து. கேட்டு முடித்தபின் அவர்களிடம் ஒரு கேள்வியை வைக்கலாம். தாயைப் பற்றி இவ்வளவு உண்மையாகப் பாடியவர், அந்த விடுதி அறையைப் பற்றியும் இதே போல் பாடியிருந்தால் எப்படிப் பாடியிருப்பார்? விடை சொல்ல அவர் இல்லை. ஆனால் அக்கேள்வி, கேட்கும் இளைஞனையும் கேட்கச் செய்யும் பெரியவரையும் ஒருசேரத் தொடும். ஏனெனில் பிறர் குறையைப் பாடத் தெரிந்தும் தம் குறையின்முன் நா எழாதவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.